கார் விபத்தில் காயமடைந்த பிறகு வக்கீலை அமர்த்துவது: முழுமையான வழிகாட்டி

விபத்து நடந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், போட்ட கட்டை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு போன் வரும். எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கனிவாக விசாரிப்பார்கள். நடந்ததை ஒருமுறை சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறோம் என்பார்கள். சில சமயம் ஒரு தொகையையும் சொல்லிவிடுவார்கள். பேசுகிறவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் தினமும் இதையே செய்கிறவர், உங்களுக்கு இது அநேகமாக முதல் விபத்து. வக்கீல் தேவைப்படுவது இந்த ஏற்றத்தாழ்வுக்காகத்தான்.

கோர்ட்டில் வாதாடுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. பல நாடுகளில் காய வழக்குகள் பெரும்பாலும் விசாரணை வரை போகாமலே பேச்சுவார்த்தையில் முடிந்துவிடுகின்றன. கெடு தவறாமல் தாக்கல் செய்வது, மருத்துவ ஆவணங்களைத் திரட்டுவது, இழப்பை ஒன்று விடாமல் கணக்கிடுவது, நீங்கள் கூப்பிட்டால் பதில் சொல்வது, இவற்றைச் செய்கிற ஆளைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். பேச்சுத் திறமையையும் ஆபீஸ் அலங்காரத்தையும் பார்த்து முடிவு செய்தால் இது கண்ணில் படாமல் போய்விடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். கீழே வரும் எண்களும் விதிகளும் அந்தந்த இடத்துக்கு உரியவை. உங்கள் ஊர் விதியை உங்கள் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. முதலில், வக்கீல் உண்மையிலேயே தேவையா?

வண்டிக்கு மட்டும் சேதம், உங்களுக்குச் சிராய்ப்பு, ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, தப்பு தங்கள் மேல்தான் என்று எதிர்த்தரப்பும் ஒத்துக்கொள்கிறது என்றால் நீங்களே பேசி முடிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு காயங்களுக்கென்றே ஒரு இணையதளத்தை 2021 மே 31 முதல் நடத்துகிறார்கள். காயத்தின் மதிப்பு 5,000 பவுண்டுக்கு மேல் போகாத சாலை விபத்துகளில், வக்கீல் இல்லாமலே பாதிக்கப்பட்டவர் கோரிக்கை வைப்பதற்கான ஏற்பாடு அது. நியூசிலாந்தில் நிலைமையே வேறு. 1974 முதல் அங்கே விபத்துக் காயத்துக்கு அரசு அமைப்பே சிகிச்சைச் செலவையும் வருமான இழப்பின் ஒரு பகுதியையும் கொடுக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. காயத்துக்காக மோதியவர் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடவும் பொதுவாக முடியாது.

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, தலையில் அடி, பல நாள் ஆஸ்பத்திரி வாசம், வேலைக்குப் போக முடியாத நிலை, உயிரிழப்பு ஆகியவற்றில் வக்கீல் இல்லாமல் இறங்குவது சரியில்லை. எதிர் வண்டிக்குக் காப்பீடு இல்லை, மோதியவர் நிற்காமல் போய்விட்டார், மோதியது அரசு வண்டி, அடிபட்டது குழந்தை, மூன்று நான்கு வண்டிகள் ஒன்றோடொன்று மோதின என்றாலும் அப்படியே. காயம் சின்னதாக இருந்தாலும் இப்படிப்பட்ட வழக்கு சிக்கலானது.

இன்னொன்று, தப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லத் தொடங்குவது. பெரும்பாலான இடங்களில் உங்கள் பங்கு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் நஷ்டஈடு குறையும். ஆனால் அமெரிக்காவில் அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பழைய விதி இன்னும் இருக்கிறது: உங்கள் மேல் 1 சதவீதத் தப்பு இருந்தாலே நஷ்டஈடு முழுவதையும் இழக்க நேரலாம். அந்த மாதிரி இடத்தில் “நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்” என்று போனில் யதார்த்தமாகச் சொன்ன ஒரு வார்த்தையே வழக்கை முடித்துவிடும்.

முடிவு செய்ய முடியவில்லையா? ஒரே ஒரு ஆலோசனைக்குப் போய்வாருங்கள். முதல் சந்திப்பைப் பல வக்கீல்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ தருகிறார்கள். இதை நீங்களே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிற வக்கீலும் உண்டு. அவர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வக்கீலைப் பார்க்கும் முன்பே செய்ய வேண்டியவை

முதலில் டாக்டர். வலி எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையையும் சொல்லுங்கள். கால் முறிந்திருக்கும்போது கழுத்து வலியைச் சொல்லத் தோன்றாது. மூன்று வாரம் கழித்து கழுத்துதான் பெரிய பிரச்சினை ஆகும். அப்போது, முதல் நாள் பதிவில் கழுத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, இது விபத்தால் வந்தது என்று எப்படி நம்புவது என்று கேட்பார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மறதி, தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் நாள் கழித்துத் தெரிவதுண்டு. அப்படித் தெரிந்தால் உடனே திரும்பப் போய்ப் பதிவில் ஏற்றுங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், விபத்து நடந்து 14 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கவில்லை என்றால் சொந்தக் காப்பீட்டின் மருத்துவப் பலனே கிடைக்காது.

அப்புறம் சாட்சியங்கள். வண்டிகள் நின்ற நிலை, சாலையில் டயர் தடம், சிக்னல், உங்கள் காயம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரை அனுப்புங்கள். பார்த்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் வாங்குங்கள். பக்கத்துக் கடைகளிலும் கட்டடங்களிலும் உள்ள சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்து அதன் மேலேயே புதுப்பதிவு ஏறிவிடும். வக்கீல் கிடைக்கும் வரை அதற்குக் காத்திருக்க முடியாது. நேரில் போய் நகல் கேளுங்கள், குறைந்தபட்சம் அழிக்காமல் வைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

வண்டியை அவசரப்பட்டுப் பழுதுபார்க்கவோ காயலான் கடைக்குத் தள்ளவோ வேண்டாம். இப்போதைய கார்கள் பலவற்றில் மோதலுக்கு முந்தைய சில வினாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதித்தார்களா என்பதையும் பதிந்து வைக்கிற கருவி இருக்கிறது. வேகம் பற்றித் தகராறு வந்தால் அதுதான் கடைசிச் சாட்சி. வண்டி உடைக்கப்பட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு நோட்டில் தினம் நாலு வரி எழுதுங்கள்: இன்று எங்கே வலி, என்ன செய்ய முடியவில்லை, யார் உதவி செய்தார்கள், ஆட்டோவுக்கும் மருந்துக்கும் எவ்வளவு ஆயிற்று. ஒரு வருடம் கழித்து இதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது அந்தப் போன் அழைப்புக்கு வருவோம். உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், பாலிசி நிபந்தனையே அதுதான். எதிர்த்தரப்பு நிறுவனத்துக்குப் பெயர், தொடர்பு எண், விபத்து நடந்த தேதியும் இடமும் போதும். பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு, வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஒன்று, உங்கள் பழைய மருத்துவ வரலாறு முழுவதையும் தோண்ட அனுமதி தரும் தாளாக இருக்கலாம். இன்னொன்று, இந்தத் தொகையோடு எல்லாம் தீர்ந்தது என்கிற தாளாக இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு அறுவை சிகிச்சை தேவை என்று தெரிந்தாலும் திரும்பப் போக வழியில்லை. மருத்துவ அறிக்கை வருவதற்கு முன்பே தொகை பேசி முடிப்பது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன்: இங்கிலாந்தில் கழுத்துச் சுளுக்குக் காயங்களுக்கு அப்படிப் பேரம் பேசுவதையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள்.

3. கெடு

வழக்குத் தொடர எல்லா இடத்திலும் ஒரு கால வரம்பு உண்டு. இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 2 ஆண்டு, டென்னசியில் 1 ஆண்டுதான். ஃப்ளோரிடாவில் 4 ஆண்டாக இருந்ததை 2023 மார்ச்சில் 2 ஆண்டாகக் குறைத்தார்கள், பழைய கணக்கை நம்பி இருந்தால் சிக்கல். இந்தியாவில் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது, இது 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தக் கெடுவை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் அதன் முடிவை நம்பி உங்கள் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய கெடுவுக்குள் சின்னக் கெடுக்கள் ஒளிந்திருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் வழக்குப் போட 2 ஆண்டு இருக்கிறது. ஆனால் விபத்துப் பலன்களுக்காக உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நியூயார்க்கில் நகராட்சி வண்டி மோதியிருந்தால் 90 நாட்களுக்குள் முறையான அறிவிப்புத் தர வேண்டும். அரசு வண்டி, அரசுப் பேருந்து, பராமரிக்காத சாலை என்று அரசு சம்பந்தப்பட்டால் கெடு பெரும்பாலும் இப்படிச் சுருங்கும்.

வெளிநாட்டில் சுற்றுலா போன இடத்தில் விபத்து என்றால் பெரும்பாலும் அந்த ஊர்ச் சட்டமும் அந்த ஊர்க் கெடுவும்தான் பேசும். உங்கள் ஊர் வக்கீல் அங்கே ஒருவரைக் கைகாட்டலாம், அவ்வளவுதான்.

கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய் நின்றால் நல்ல வக்கீல்கள் கேஸை எடுக்கத் தயங்குவார்கள். ஒரு மாதத்துக்குள் ஒருவரையாவது பார்த்துவிடுங்கள்.

4. எங்கே தேடுவது, யாரைத் தவிர்ப்பது

பத்திரம் எழுதிக் கொடுத்த குடும்ப வக்கீலிடமே இதையும் கொடுத்துவிடுவது பலர் செய்வது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஊன சதவீதத்தை எப்படி வருமான இழப்பாக மாற்றுவது, எந்த டாக்டரைச் சாட்சிக்கு அழைப்பது, காப்பீட்டு நிறுவனம் எந்த இடத்தில் இறங்கி வரும் என்பதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவரும். குடும்ப வக்கீலிடம் வேறு விதமாகக் கேளுங்கள்: “உங்கள் தம்பிக்கு அடிபட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?” இந்தக் கேள்விக்கு வரும் பெயர், விளம்பரத்தில் பார்க்கும் பெயரைவிட நம்பத் தகுந்தது. விபத்து வழக்கை நடத்தி முடித்த அக்கம்பக்கத்தாரையும் கேட்கலாம். எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதைவிட, போன் எடுப்பாரா என்று கேளுங்கள்.

மூன்று பெயர் கிடைத்ததும் வழக்கறிஞர் பதிவு அமைப்பில் சரிபாருங்கள். இங்கிலாந்தின் சொலிசிட்டர் (கட்சிக்காரரின் வழக்கை நேரடியாகக் கவனிக்கும் வக்கீல்) ஒழுங்குமுறை ஆணையம், ஒன்டாரியோவின் சட்டச் சங்கம், அமெரிக்க மாநிலங்களின் வழக்கறிஞர் அமைப்புகள் எல்லாம் உரிமம் உயிரோடு இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

தவிர்க்க வேண்டியவர்களில் முதல் ஆள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து நிற்பவர். அவரே வருவார், இல்லாவிட்டால் யாரோ ஒரு “தம்பி” வருவார். வண்டி இழுத்துச் சென்றவர், வார்டு ஊழியர், பிசியோதெரபி கிளினிக் என்று எந்த வழியிலும் விசிட்டிங் கார்டு வந்து சேரும். இந்தியாவில் வழக்கறிஞர் இப்படி ஆள் பிடிப்பதையும் விளம்பரம் செய்வதையும், வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 36 தடை செய்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளும் முன்பின் தெரியாத ஒருவரை நேரில் போய் வழக்குக் கேட்பதைத் தடுக்கின்றன. இங்கிலாந்தில் காய வழக்குகளைக் கைகாட்டியதற்குத் தரகு கொடுப்பது 2013 முதல் சட்டப்படி தடை. உங்களைப் பிடிப்பதற்காகவே ஒரு விதியை மீறியவர், அப்புறம் உங்கள் பணத்தைக் கையாளும்போது விதியைப் பார்ப்பாரா என்று யோசியுங்கள்.

பணம் இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்தியாவில் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பலருடைய கார் அல்லது வீட்டுக் காப்பீட்டோடு சட்டச் செலவுக் காப்பீடும் சேர்ந்திருக்கும், வைத்திருப்பவருக்கே அது நினைவில் இருக்காது. ஜெர்மனியில் தப்பு முழுவதும் எதிர்த்தரப்புடையது என்றால் உங்கள் வக்கீல் கட்டணத்தையும் பொதுவாக அவர்களுடைய காப்பீடே தர வேண்டும்.

5. முதல் சந்திப்பு

கையில் கொண்டுபோக வேண்டியவை: போலீஸ் அறிக்கை அல்லது எஃப்.ஐ.ஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பில்கள், சம்பளச் சான்று அல்லது வரிக் கணக்கு, உங்கள் பாலிசி, படங்கள், அந்த நோட்டு. எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும், கோர்ட்டில் காட்டும் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டிய கேள்விகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்: “என் கேஸ் கட்டை யார் பார்ப்பார்கள்?” பெயர்ப் பலகையில் இருப்பவரைப் பார்த்து நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். மறுநாள் முதல் கட்டு ஒரு ஜூனியரிடமோ, வக்கீலே இல்லாத ஒரு அலுவலரிடமோ போய்விடும். அதில் தப்பில்லை, ஜூனியர் கையில் கேஸ் வேகமாக நகர்வதும் உண்டு. ஆனால் அந்த ஜூனியரை இன்றே பார்த்துப் பேச வேண்டும், அவர் கையில் எத்தனை கேஸ் இருக்கிறது என்று தெரிய வேண்டும், முக்கிய முடிவுகளைப் பெரியவர் பார்ப்பாரா என்று தெரிய வேண்டும்.

அடுத்தது, “என் கேஸில் பலவீனம் எது?” ஒன்றுமே இல்லை என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். பலவீனம் இல்லாத விபத்து வழக்கு அபூர்வம்: சீட் பெல்ட் போட்டிருந்தீர்களா, முதுகுவலி முன்பே இருந்ததா, சிகிச்சையில் நடுவில் இடைவெளி விட்டீர்களா என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை அவரே கிளறிக் கேட்டால் நல்ல அறிகுறி. முதல் சந்திப்பிலேயே ஒரு பெரிய தொகையைச் சொல்லி ஆசை காட்டுவது கெட்ட அறிகுறி. காயம் எந்த நிலையில் நிற்கும் என்பது டாக்டருக்கே தெரியாத கட்டத்தில் வக்கீலுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பேச்சுவார்த்தை முறிந்தால் கோர்ட்டுக்குப் போவீர்களா, கடைசியாக எப்போது போனீர்கள் என்றும் கேளுங்கள். விசாரணைக்குப் போகவே மாட்டார் என்று பெயரெடுத்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் குறைந்த தொகையைத்தான் நீட்டும்.

ஒரு விஷயத்தை மறந்தே போவார்கள். ஒரே காரில் போன குடும்பத்தினர் எல்லோரும் ஒரே வக்கீலிடம் போவது. கணவர் ஓட்டினார், மனைவிக்கு அடிபட்டது, தப்பில் ஒரு பங்கு கணவர் மேல் விழலாம் என்றால் மனைவியின் கோரிக்கை ஒருவகையில் கணவரின் காப்பீட்டுக்கும் எதிரானது. இருவருக்கும் ஒரே வக்கீல் முழு மனதோடு வாதாட முடியாது. இதைத் தாமாகவே எடுத்துச் சொல்லி ஒருவரை வேறு வக்கீலிடம் அனுப்புகிறவர் தொழிலை மதிக்கிறவர். கணவருக்கு எதிராகக் கோரிக்கை வைக்கிறோமே என்று வருத்தப்பட வேண்டாம், பணம் வரப்போவது பெரும்பாலும் காப்பீட்டிலிருந்துதான்.

இரண்டு மூன்று பேரையாவது பாருங்கள். முதல் ஆளே பிடித்துப்போனாலும், ஒப்பிட இன்னொருவர் வேண்டும்.

6. கட்டணம்

சண்டை வருவது இங்கேதான், அதுவும் கேஸ் ஜெயித்த பிறகு வரும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவிலும் கனடாவின் பல பகுதிகளிலும் காய வழக்குகளில் வழக்கமான முறை, ஜெயித்தால் பங்கு, தோற்றால் கட்டணம் இல்லை என்பது. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு என்பது பரவலாகப் புழங்கும் அளவு, வழக்குத் தாக்கலாகி விசாரணை வரை போனால் 40 சதவீதம் வரை ஏறுவதும் உண்டு. இங்கிலாந்தில் வெற்றிக் கட்டணத்துக்கு, அதாவது ஜெயித்தால் மட்டும் கூடுதலாக வாங்கும் கட்டணத்துக்கு, உச்சவரம்பு இருக்கிறது: வலி வேதனைக்கான தொகையும் அதுவரையான இழப்பும் சேர்ந்ததில் 25 சதவீதத்துக்கு மேல் போக முடியாது, எதிர்காலச் சிகிச்சைக்கும் எதிர்கால வருமானத்துக்கும் வரும் பணத்தில் அது கை வைக்காது. பிரான்ஸில் முழுக்க முழுக்க வெற்றிப் பங்கு என்று பேச முடியாது, அடிப்படைக் கட்டணம் ஒன்று இருக்க வேண்டும், அதன்மேல் ஒரு பங்கு சேர்க்கலாம். இந்தியாவில் பார் கவுன்சில் விதி 20, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைத்த தொகையில் பங்கு கேட்பதையும் தடை செய்கிறது. “வர்றதுல இத்தனை பர்சன்ட்” என்ற பேச்சு அங்கேயும் காதில் விழும். அது விதிக்கு விரோதமான பேச்சு. கட்டணத்தை ஒரு தொகையாகப் பேசி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள்.

பங்கு முறை இருக்கும் இடத்தில் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். எதிலிருந்து அந்தச் சதவீதம் என்று பாருங்கள். கிடைத்தது 90,000, டாக்டர் அறிக்கை, நிபுணர் கட்டணம், கோர்ட் கட்டணம் என்று செலவு 9,000, வக்கீல் பங்கு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகையில் பங்கு என்றால் வக்கீலுக்கு 30,000, செலவு 9,000, உங்கள் கைக்கு 51,000. செலவு போக மீதியில் பங்கு என்றால் 81,000-இல் மூன்றில் ஒன்று 27,000, செலவு 9,000, உங்கள் கைக்கு 54,000. சதவீதம் ஒன்றுதான், கைக்கு வருவதில் 3,000 வித்தியாசம். செலவு கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும், சிக்கலான கேஸில் செலவு 9,000-த்தோடு நிற்காது. அமெரிக்க மாதிரி விதிகளின்படி இந்தப் பங்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கட்சிக்காரர் கையெழுத்து வேண்டும், செலவைக் கழிப்பது முன்பா பின்பா என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த கேள்வி: தோற்றால் செலவு யாருடையது? கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் வேறு வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஒப்பந்தத்தில் தனித்தனியாக இருக்கும். தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் தரும் வழக்கம் உள்ள நாடுகளில் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழுமா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2013-க்குப் பிறகு காய வழக்கில் தோற்றவர் பொதுவாக அதைத் தர வேண்டியதில்லை, ஆனால் விதிவிலக்குகள் உண்டு.

மூன்றாவது கழிவு ஒன்று இருக்கிறது, கடைசி நாளில்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் சிகிச்சைக்கு ஏற்கெனவே பணம் கட்டிய மருத்துவக் காப்பீடோ, பில்லை நிறுத்தி வைத்த ஆஸ்பத்திரியோ, நஷ்டஈட்டிலிருந்து அதைத் திரும்பக் கேட்கலாம். அமெரிக்காவில் இது அன்றாட விஷயம். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது வக்கீல் வேலையில் அடக்கமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

7. கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். தர மறுப்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டணம் போக மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: சமரசத் தொகையை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு உங்களுடையது என்று இருக்கிறதா, நடுவில் வக்கீலை மாற்றினால் என்ன கணக்கு, மேல்முறையீடு இதில் சேருமா தனியா. சேராது என்றால் பரவாயில்லை, தெரிந்திருந்தால் போதும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து எதற்காகவும் வேண்டாம். வக்காலத்திலோ வேறு படிவத்திலோ பெயரும் விவரமும் நிரப்பிய பிறகே கையெழுத்து. “அப்புறம் அலைய வேண்டாமே என்றுதான்” என்று சொன்னாலும், அலையுங்கள். நஷ்டஈடு வந்து சேரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ளதுபோல் கட்சிக்காரர்களின் பணத்துக்கென்று வக்கீல் தனியாக வைத்திருக்கும் கணக்காக இருக்க வேண்டும். புதிதாகக் கணக்குத் திறந்து காசோலைப் புத்தகத்தை வக்கீல் ஆபீசிலேயே வைத்துவிடுங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

8. அமர்த்திய பிறகு உங்கள் பங்கு

வக்கீலிடம் பொய் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பழைய முதுகுவலி, முந்தைய விபத்து, அன்று குடித்த ஒரு கிளாஸ், கணக்கில் காட்டாத வருமானம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது ரகசியமாகவே இருக்கும். தெரிந்த பலவீனத்துக்கு அவர் பதில் தயாரிப்பார், குறுக்கு விசாரணையில் முதன்முறையாகக் கேள்விப்பட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. காயத்தை மிகைப்படுத்துவது அதைவிட ஆபத்து. இங்கிலாந்தில் அடிப்படையிலேயே நேர்மையற்ற கோரிக்கை என்று கோர்ட் கண்டால், உண்மையான காயத்துக்கான பகுதியையும் சேர்த்து முழு வழக்கையும் தள்ளிவிட 2015 சட்டம் வழி செய்கிறது.

சமூக ஊடகங்களில் விபத்தைப் பற்றி எழுதாதீர்கள். கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் போதும், வலியே இல்லை என்று வாதிட. பழைய பதிவுகளை இப்போது அழிப்பதும் சாட்சியத்தை அழித்ததாக ஆகலாம், வக்கீலைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

டாக்டர் சொன்ன நாளில் போங்கள், பிசியோதெரபியைப் பாதியில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை வக்கீல் ஆபீசுக்கு ஒரு சிறு செய்தி அனுப்புங்கள்: சிகிச்சை எந்த நிலை, புதிய பில்கள், அடுத்து என்ன. தினமும் போன் செய்தால் அவர் எடுக்கமாட்டார், ஆறு மாதம் பேசாமல் இருந்தால் கட்டு அடியில் போய்விடும். தாக்கலாகும் ஒவ்வொரு மனுவுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள்.

9. சமரசத் தொகை வந்தால்

முடிவு உங்களுடையது. வக்கீலின் வேலை கணக்கை விரித்துக் காட்டுவது. வாயால் சொல்லும் ஒரு எண்ணுக்குத் தலையாட்டாமல், ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: மொத்தம், கட்டணம், செலவு, மருத்துவக் கடன், உங்கள் கைக்கு வருவது. பக்கத்தில் இன்னொரு வரிசை: கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கக்கூடியது, ஆகக்கூடிய காலம், கூடும் செலவு. சில இடங்களில் கோர்ட்டில் பல ஆண்டுகள் ஆகும், அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு.

காயம் இதற்கு மேல் தேறாது, இதுதான் நிலை என்று டாக்டர் சொல்லும் கட்டம் வருவதற்கு முன் முடிப்பது பெரும்பாலும் நஷ்டம். கையில் பணமில்லாத நெருக்கடியில் முடிக்க வேண்டி வந்தால், எதிர்காலச் சிகிச்சைக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டுமாவது கேளுங்கள். பிரான்ஸில் காயம் தேறாவிட்டாலும், விபத்து நடந்து 8 மாதங்களுக்குள் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும் என்று 1985 சட்டம் சொல்கிறது. அதை இடைக்காலத் தொகையாகவும் தரலாம். உங்கள் ஊரிலும் இடைக்காலப் பணம் கேட்க வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் விசாரியுங்கள்.

இந்தியாவில் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிப்பது வேகமானது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. கூட்டமும் அவசரமுமான அந்த மேசைக்குப் போகும் முன்பே, இதற்குக் கீழே வேண்டாம் என்று ஒரு தொகையை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையின் வழக்கு என்றால் பல நாடுகளில் கோர்ட் ஒப்புதல் இல்லாமல் சமரசம் செல்லாது.

10. வக்கீலை மாற்ற வேண்டி வந்தால்

மாதக்கணக்கில் பதில் இல்லை, கெடு தவறியது, உங்களைக் கேட்காமல் தொகை பேசினார் என்றால் மாற்றலாம், அது உங்கள் உரிமை. முதலில் ஒரு கடிதம் எழுதி, இந்தத் தேதிக்குள் கேஸின் நிலையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பாதி மனஸ்தாபங்கள் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பழையவரை விலக்கும் முன்பே புதியவரைப் பிடித்துவிடுங்கள். நடுவில் யாருமே இல்லாத இடைவெளியில் ஒரு வாய்தாவோ கெடுவோ விழுந்தால் இழப்பு உங்களுக்கு.

பங்கு முறையில் இருந்தால், பழையவர் அதுவரை செய்த வேலைக்கு ஒரு பகுதியைக் கோரலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் பழையவரும் புதியவரும் அந்த ஒரே கட்டணத்தைப் பிரித்துக்கொள்வார்கள், நீங்கள் இரண்டு முறை கொடுக்க நேராதபடி புதியவரின் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் சொலிசிட்டருக்கு அந்த உரிமை உண்டு. இந்தியாவில் இல்லை, 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தர மறுத்தால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கட்டு கைக்கு வந்ததும் புதியவரிடம் அன்றே சேர்த்து, அடுத்த தேதி எப்போது என்று அவர் கண்ணெதிரில் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.